எஃப்பிஎஸ் 90 காட்டுது, அப்புறம் ஏன் கேம் திக்குது?

தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் டெஸ்க்டாப்பில் கேம் ஆடுகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் சீக்கிரமே இந்தப் புகார் வந்துவிடும்: "எஃப்பிஎஸ் 90 காட்டுதுண்ணா, ஆனா திக்கித் திக்கிப் போகுது." அதற்குக் கிடைக்கிற பதிலும் எழுதி வைத்தது போல ஒன்றுதான். "கார்டு பத்தல, மாத்திடு." ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி பெங்களூர் எஸ்.பி. ரோடு போய், பழைய கிராபிக்ஸ் கார்டைக் கொடுத்து மேலே பணம் போட்டு வேறொன்றை வாங்கி வந்து மாட்டினால் எஃப்பிஎஸ் 130 காட்டும், திக்குவது திக்கிக்கொண்டேதான் இருக்கும்.

இப்போது குழப்பம் இன்னும் கூடிவிட்டது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்ததால், பயாஸுக்குள் (கம்ப்யூட்டர் எழும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) போய் டிபிஎம் என்பதை ஆன் செய்து விண்டோஸ் 11-க்கு மாறியவர்கள் நிறைய. அதே நேரத்தில் ராம் விலை தாறுமாறாக ஏறியதால், இரண்டு குச்சி போட வேண்டிய இடத்தில் ஒன்றைப் போட்டுச் சமாளித்தவர்களும் உண்டு. "விண்டோஸ் 11 போட்டதிலிருந்து திக்குது", "புது கேம் எல்லாமே மோசம்", "கரண்ட் லோ வோல்டேஜ், அதான்" என்று ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். இவற்றில் எது நிஜம், எது சும்மா என்று பிரித்துப் பார்க்க, கொஞ்சம் அடியிலிருந்து தொடங்க வேண்டும்.

சராசரி என்ற பொய்

திரையில் அசைவது எல்லாம் நின்ற படங்களின் வரிசை. ஒவ்வொரு படமும் ஒரு ப்ரேம். ஒரு செகண்டில் எத்தனை ப்ரேம் வந்தது என்பது எஃப்பிஎஸ். ஒரு ப்ரேம் தயாராக எவ்வளவு நேரம் ஆனது என்பது ப்ரேம் டைம், இதை மில்லிசெகண்டில் சொல்வார்கள். 60 எஃப்பிஎஸ் என்றால் ஒரு ப்ரேமுக்கு 16.7 மில்லிசெகண்ட், 144 என்றால் 6.9.

தருமபுரியிலிருந்து சேலத்துக்கு ஒன்றரை மணி நேரத்தில் பஸ் போய்ச் சேர்ந்தது என்று வையுங்கள். வழி முழுக்க ஒரே சீராகவும் போயிருக்கலாம். இல்லை, தொப்பூர் கணவாயில் ஒரு லாரி குறுக்கே நின்று இருபது நிமிஷம் அசையாமல் கிடந்துவிட்டு, மீதி தூரத்தை டிரைவர் விரட்டிக்கொண்டு வந்தும் அதே ஒன்றரை மணிக்குள் சேர்த்திருக்கலாம். சராசரி வேகம் இரண்டிலும் ஒன்றுதான். உள்ளே உட்கார்ந்திருந்தவருக்கு இரண்டும் ஒன்றா?

கேமிலும் இதே கணக்குதான். ஒரு செகண்டில் 90 ப்ரேம்கள் 11.1 மில்லிசெகண்டுக்கு ஒன்றாக வந்தால் கண்ணுக்கு வெண்ணெய் போல இருக்கும். அதே செகண்டில் 89 ப்ரேம்கள் 9.5 மில்லிசெகண்டுக்கு ஒன்றாக வந்து, ஒரே ஒரு ப்ரேம் மட்டும் 154 மில்லிசெகண்ட் இழுத்தாலும் மூலையில் 90 என்றுதான் காட்டும். அந்த ஒற்றை ப்ரேம்தான் திக்கல். வேலை என்ன என்றால், அந்த ஒரு ப்ரேமை எந்த மேஜையில் யார் நிறுத்தி வைத்தார்கள் என்று கண்டுபிடிப்பது. 2011-ல் டெக் ரிப்போர்ட் தளத்தில் ஸ்காட் வாசன் ஒவ்வொரு ப்ரேமின் நேரத்தையும் தனித்தனியாக அளந்து காட்டிய பிறகுதான் கிராபிக்ஸ் கார்டு விமர்சனங்களே சராசரியை விட்டுக் கீழே பார்க்கத் தொடங்கின. இன்று விமர்சன வீடியோக்களில் "ஒன் பெர்சென்ட் லோ" என்று சொல்கிறார்களே, அது அந்த மிக மோசமான ப்ரேம்களின் கணக்கு.

இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளும் வேறு சில தொல்லைகள் உண்டு. எல்லாவற்றையும் நம் ஆட்கள் "லேக் அடிக்குது" என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறார்கள், அதனால்தான் வைத்தியமும் தப்பாகிறது.

1. எப்போதுமே மெதுவாக, இழுத்துக்கொண்டே ஓடினால் அது குறைந்த எஃப்பிஎஸ். இதற்குத்தான் கார்டோ ப்ராசஸரோ பத்தவில்லை என்பது சரியான பதில்.
2. படம் சீராக ஓடுகிறது, எதிராளி மட்டும் இங்கிருந்து அங்கே தாவுகிறான், சுட்ட குண்டு பதியவில்லை என்றால் அது நெட் தொல்லை, கம்ப்யூட்டரைத் திறக்கவே வேண்டாம். சிஎஸ் 2 போன்ற கேமில் நெட் இல்லாமல், கம்ப்யூட்டரே ஆட்டிவைக்கும் எதிராளிகளான பாட்களோடு ஐந்து நிமிஷம் ஆடினால் தெரிந்துவிடும்.
3. படம் குறுக்கே வெட்டுப்பட்டு மேல் பாதி ஒரு பக்கம், கீழ்ப் பாதி ஒரு பக்கம் தெரிந்தால் அது டேரிங்.
4. சீராகப் போய்க்கொண்டிருந்தது நடுநடுவே கண நேரம் நின்று நின்று போனால்தான் திக்கல்.

ஒரு ப்ரேம் கைமாறும் வழி

ப்ரேம் கிராபிக்ஸ் கார்டுக்குள் தானாக முளைப்பதில்லை. முதலில் ப்ராசஸர், யார் எங்கே நிற்கிறார், எந்தக் கதவு திறந்திருக்கிறது, குண்டு எங்கே போனது என்று கணக்குப் போடுகிறது. அதற்கு வேண்டிய தகவல் ராமில் இருக்க வேண்டும், இல்லையென்றால் டிஸ்கிலிருந்து ராமுக்கு வர வேண்டும். அப்புறம் "இதை வரை, அதை வரை" என்ற கட்டளைகள் டிரைவர் (கார்டையும் விண்டோஸையும் பேசவைக்கும் மென்பொருள்) வழியாகக் கார்டுக்குப் போகின்றன. கார்டு தன் சொந்த நினைவகமான விரேமில் இருக்கும் படத்துணுக்குகளை எடுத்து வரைகிறது. கடைசியில் மானிட்டர் தன் தாளத்தில் அதை வாங்கிக் காட்டுகிறது. இத்தனை கை மாறி வருகிற ஒன்று எங்கே நின்றாலும் நமக்குத் தெரிவது ஒரே திக்கல்தான், பழி மட்டும் எப்போதும் கார்டின் தலையில்.

காசு செலவழிக்கும் முன் பத்து நிமிஷம் அளந்து பாருங்கள்

எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் இலவசம், அதோடு ரிவாட்யூனரும் வரும். அதில் ப்ரேம் டைமைக் கோடாகத் திரையில் காட்டச் சொல்லுங்கள். கூடவே கார்டின் யூசேஜ், விரேம், ராம், ப்ராசஸர் வேகம், இரண்டின் சூடு. இன்னும் நுணுக்கமாகப் பதிவு வேண்டுமென்றால் கேப்ஃப்ரேம்எக்ஸ் இருக்கிறது. வழக்கமாகத் திக்கும் கேமைப் பத்துப் பதினைந்து நிமிஷம் ஆடிவிட்டு அந்தக் கோட்டைப் பாருங்கள். நல்ல கோடு ஏரித் தண்ணீர் மாதிரி லேசான அலையோடு படுத்திருக்கும். திக்கும் இடத்தில் ஊசி போல மேலே குத்தும்.

ஊசி குத்தும் அந்தக் கணத்தில் கார்டின் யூசேஜ் 98-லிருந்து 40-க்கு விழுந்தால், கார்டு வேலையில்லாமல் காத்துக்கொண்டிருந்தது என்று அர்த்தம். காத்திருந்தவனை மாற்றி என்ன பிரயோஜனம்? எஸ்.பி. ரோடு பயணத்தில் பாதி இந்த ஒரு எண்ணைப் பார்த்தாலே மிச்சமாகும்.

அப்புறம் ஊசி எப்போது குத்துகிறது என்று கவனியுங்கள். காரணம் பெரும்பாலும் அதிலேயே இருக்கிறது.

1. புது இடம், புதுத் துப்பாக்கி, முதல் வெடி. முதல் தடவை மட்டும் திக்கி, அடுத்த முறை அதே இடத்தில் திக்காவிட்டால்: ஷேடர்.
2. கேமராவை வெடுக்கென்று திருப்பும் ஒவ்வொரு தடவையும், விரேம் நிரம்பிய நிலையில்: விரேம் பத்தவில்லை.
3. முதல் இருபது நிமிஷம் அருமை, பிறகு மோசம்: சூடு.
4. கேம் மட்டுமல்ல, மவுஸ், பாட்டு, மொத்த கம்ப்யூட்டருமே ஒரு செகண்ட் உறைந்து மீண்டால்: டிபிஎம், டிரைவர், அல்லது டிஸ்க்.
5. கடிகாரம் வைத்தது போல சில செகண்டுக்கு ஒரு முறை: பின்னால் ஓடும் ஏதோ ஒரு மென்பொருள். கலர் லைட்டை ஆட்டிவைக்கும் ஆர்ஜிபி மென்பொருளையும் சூடு அளக்கும் மென்பொருள்களையும் முதலில் சந்தேகப்படுங்கள், நீங்கள் அளக்க வைத்திருப்பதையும் சேர்த்துத்தான்.
6. கோடு நேராக இருக்கிறது, கண்ணுக்கு மட்டும் திக்குகிறது: மானிட்டர் தாளம்.

ஷேடர்: புது கேம்களின் பெரிய வியாதி

ஒரு சுவர் மீது வெயில் எப்படி விழ வேண்டும், தண்ணீர் எப்படி மின்ன வேண்டும் என்று கார்டுக்குச் சொல்லும் சிறு நிரல்தான் ஷேடர். ஒரு பெரிய கேமில் இவை ஆயிரக்கணக்கில் இருக்கும். கேம் செய்கிறவர்கள் இதை ஒரு பொது வடிவத்தில்தான் கொடுத்தனுப்ப முடியும், ஏனென்றால் உங்களிடம் இருப்பது எந்தக் கார்டு, எந்த டிரைவர் என்று அவர்களுக்குத் தெரியாது. உங்கள் கார்டுக்குப் புரியும் மொழிக்கு அதை மாற்றுவது உங்கள் கம்ப்யூட்டரில், உங்கள் ப்ராசஸரில் நடக்கிறது. இதற்குக் கம்பைல் என்று பெயர். பிளேஸ்டேஷனில் இந்த வேலை இல்லை. அங்கே எல்லோருக்கும் ஒரே கார்டு, எனவே முன்பே செய்து அனுப்பிவிடுகிறார்கள். "அதே கேம் பிஎஸ்5-ல நல்லா போகுதே" என்பதற்கு ஒரு காரணம் இதுதான்.

ஆட்டத்தின் நடுவில் முதல் தடவை ஒரு வெடி வெடிக்கிறது, அதன் ஷேடர் இன்னும் கம்பைல் ஆகவில்லை, ப்ராசஸர் அதை முடிக்கும்வரை ப்ரேம் நிற்கிறது. கேம் கார்டோடு பேசும் வழிகளில், 2015-ல் வந்த டைரக்ட்எக்ஸ் 12-உம் 2016-ல் வந்த வல்கனும், முன்பு டிரைவர் பார்த்துக்கொண்ட நிறைய பொறுப்பைக் கேம் செய்கிறவர்கள் கையில் கொடுத்தன. அவர்கள் முன்கூட்டியே திட்டமிட்டுக் கம்பைல் செய்தால் அருமை, விட்டுவிட்டால் நம் தலையில் விடிகிறது. கேம் கட்ட உதவும் அன்ரியல் எஞ்சின் என்ற மென்பொருளில் செய்த கேம்கள் பலவற்றில் இது பெரிய புகாராகி, அதைத் தரும் எபிக் நிறுவனமே 2025 பிப்ரவரியில் இந்தத் திக்கல் ஏன் வருகிறது, என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று விளக்கி எழுத வேண்டியதாயிற்று.

நாம் செய்யக்கூடியது கொஞ்சம்தான், ஆனால் அந்தக் கொஞ்சத்தையும் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்.

கேம் திறந்ததும் "கம்பைலிங் ஷேடர்ஸ்" என்று ஒரு கோடு ஓடினால், அவசரப்பட்டு உள்ளே போகாமல் அது முடியும்வரை விடுங்கள். டீ போட்டு வரலாம். டிரைவரை அப்டேட் செய்தால் பழைய கம்பைல் எல்லாம் செல்லாது, மறுபடி முதலிலிருந்து நடக்கும். ஆகவே புது டிரைவர் போட்ட அன்று சாயங்காலம் திக்குவதை வைத்து டிரைவரைத் திட்டாதீர்கள், ஒன்றிரண்டு நாள் ஆடிப் பாருங்கள். என்விடியா கார்டு என்றால் அதன் கண்ட்ரோல் பேனலில் ஷேடர் கேஷ் அளவை 10 ஜிபி என்று வைத்துவிடுங்கள். இடம் இல்லாமல் பழையதை அழித்து அழித்து மறுபடி கம்பைல் செய்வது குறையும். "வாரம் ஒரு முறை ஷேடர் கேஷைக் க்ளியர் பண்ணுங்க" என்று வீடியோ போடுகிறார்களே, அது ஏதோ கெட்டுப்போனபோது ஒரு தடவை செய்ய வேண்டிய வேலை. வாரா வாரம் செய்வது, ஆட்டி வைத்த மாவைக் கொட்டிவிட்டு மறுபடி அரிசி ஊறப் போடுவதற்குச் சமம்.

விரேம்: நாலு ஜிபி கார்டின் கதை

ஜிடிஎக்ஸ் 1650 நம் பக்கம் இன்னும் நிறையப் பேரிடம் இருக்கிறது. அதில் 4 ஜிபி விரேம். கார்டு தன் விரேமிலிருந்து செகண்டுக்கு 128 ஜிபி வேகத்தில் எடுத்துக்கொள்ளும். விரேம் நிரம்பிவிட்டால் மிச்சத்தை ராமில் வைத்து, மதர்போர்டு ஸ்லாட் வழியாக இழுக்க வேண்டும். அந்தப் பாதையின் வேகம், பிசிஐஇ 3.0 (அந்த ஸ்லாட்டின் தலைமுறை) போர்டில் முழு 16 லேன், அதாவது தடம், இருந்தால்கூட, சுமார் 16 ஜிபி. எட்டில் ஒரு பங்கு. கேமராவைத் திருப்பியதும் புதுச் சுவரின் படத்துணுக்கு அந்தச் சந்து வழியாக வந்து சேரும்வரை ப்ரேம் நிற்கும்.

2022 ஜனவரியில் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி இன்னும் மோசம். அதுவும் 4 ஜிபி, ஆனால் நாலே லேன். புது பிசிஐஇ 4.0 போர்டில் ஓரளவு சமாளிக்கும். பழைய பி450 மாதிரி 3.0 போர்டில் மாட்டினால் பாதை செகண்டுக்கு 4 ஜிபி அளவுக்குச் சுருங்கிவிடும். கார்டு ஒன்றுதான், போர்டைப் பொறுத்துத் திக்கும். செகண்ட் ஹேண்டில் மலிவாக வருகிறது என்று வாங்கும் முன் உங்கள் போர்டு எது என்று பாருங்கள்.

இதற்குத் தீர்வு எளிது, செலவும் இல்லை: டெக்ஸ்சர் (அந்தப் படத்துணுக்குகள்) குவாலிட்டியை ஒரு படி இறக்குங்கள். ஷேடோ, ரிசல்யூஷன் எல்லாம் எஃப்பிஎஸ்ஸைத் தொடும். டெக்ஸ்சர் பெரும்பாலும் விரேமை மட்டும்தான் தொடும். எஃப்பிஎஸ் 90 அப்படியே இருக்க, ஊசிகள் மட்டும் காணாமல் போவதைக் கோட்டிலேயே பார்க்கலாம். "அல்ட்ரா" என்ற எழுத்தை விட மனசு வராதவர்கள்தான் அதிகம், அது வேறு விஷயம்.

செகண்ட் ஹேண்ட் என்று வந்ததால் ஒன்று. 2022 செப்டம்பர் 15-ல் எத்தீரியம் மைனிங் முறையைக் கைவிட்டதும் மைனிங்கில் ஓடிய கார்டுகள் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்தன. அவற்றில் சிலவற்றின் பயாஸை மைனிங்குக்காக மாற்றி எழுதியிருப்பார்கள். விசிறி தேய்ந்தும், உள்ளே சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்தும் இருக்கும். பழைய கார்டு வாங்கினால் கடையிலேயே அரை மணி நேரம் கேமை ஓட விட்டு அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். "ரெண்டு நிமிஷம் ஓட்டிக் காட்டறேன்" என்பது போதாது.

ராம்: ஒற்றைக் குச்சி, உறங்கும் வேகம்

டிடிஆர்4 3200 ராம் ஒரு குச்சி செகண்டுக்கு 25.6 ஜிபி கொடுக்கும். இரண்டு குச்சி சரியான ஸ்லாட்டில் இருந்தால் 51.2. இதுதான் டூயல் சேனல். ராம் ஒரே குச்சியாக இருந்தால் சராசரி எஃப்பிஎஸ் ஓரளவு தப்பித்துக்கொள்ளும், ஒன் பெர்சென்ட் லோ அடி வாங்கும், அதாவது நேராகத் திக்கலாகவே வெளியே வரும். தனிக் கார்டு இல்லாமல் ரைசன் 5600ஜி போன்ற ப்ராசஸரில் உள்ள கிராபிக்ஸையே நம்பி ஆடுகிறவர்களுக்கு இது உயிர்நாடி, ஏனென்றால் அதற்கு விரேமும் அதே ராம்தான்.

டாஸ்க் மேனேஜரில் பர்ஃபார்மன்ஸ், மெமரி என்று போய்ப் பாருங்கள். எத்தனை ஸ்லாட்டில் ராம் இருக்கிறது, என்ன வேகத்தில் ஓடுகிறது என்று அங்கேயே இருக்கும். 3200 என்று பணம் கொடுத்து வாங்கியது 2133 அல்லது 2400-ல் ஓடிக்கொண்டிருந்தால், அசெம்பிள் செய்தவர் பயாஸில் ராமை அதன் முழு வேகத்தில் ஓட வைக்கும் எக்ஸ்எம்பி-யை ஆன் செய்யவில்லை. நாலு ஸ்லாட் போர்டில் இரண்டு குச்சியை ப்ராசஸருக்குப் பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நாலாவதிலும் போட வேண்டும். அடுத்தடுத்து ஒட்டிப் போட்டிருந்தால் இரண்டு குச்சிக்குக் காசு கொடுத்துவிட்டு ஒரு குச்சி வேகத்தில் ஆடுகிறீர்கள். கழற்றி மாட்ட இரண்டு நிமிஷம்.

ராம் மொத்தமே 8 ஜிபி, பின்னால் க்ரோமில் இருபது டேப், நடுவில் டிஸ்கார்ட் என்றால் சொல்லவே வேண்டாம். மிச்சம் டிஸ்குக்குப் போகும்.

தூசியும் சூடும்

ஒரு கேபினெட்டைத் திறந்த கதை. பர்கூர் பக்கம், கிரானைட் பட்டறைகளிலிருந்து தள்ளியில்லாத ஒரு வீடு. பக்கக் கண்ணாடியைக் கழற்றினால் வெளியே எல்லாம் சுத்தம், துடைத்து வைத்திருக்கிறார்கள். ப்ராசஸர் விசிறியின் நாலு ஸ்க்ரூவைக் கழற்றித் தூக்கியபோதுதான் தெரிந்தது. விசிறிக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு போர்வை, விரலால் சுருட்டி எடுக்கலாம் போல. கல் தூசியும் துணி இழையும் சேர்ந்து நெய்தது. விசிறி முழு வேகத்தில் சுற்றுகிறது, காற்று ஒரு துளி உள்ளே போகவில்லை. சுத்தம் செய்வதற்கு முன் கேம் திறந்து பதினெட்டாவது நிமிஷம் ப்ராசஸர் வேகம் 4.4 கிகாஹெர்ட்ஸிலிருந்து 2-க்குக் கீழே விழுந்து விழுந்து ஏறிக்கொண்டிருந்தது. சுத்தம் செய்து பேஸ்ட் மாற்றிய பிறகு அசையவில்லை. செலவு, பேஸ்ட் ட்யூப் ஒன்று.

ப்ராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைப்பதற்குத் த்ராட்லிங் என்று பெயர். ரைசன் 5 5600-க்கு எல்லை 90 டிகிரி, இன்டெல் ஐ5 12400-க்கு 100. ஏப்ரல், மே மாதம் அறைக்குள்ளேயே 36, 37 டிகிரி இருக்கும்போது ஜனவரியில் 75-ல் ஓடியது 90-ஐத் தொடுவதில் அதிசயம் இல்லை. ஓசூர்க்காரர்களுக்குக் குளிர் கொஞ்சம் கைகொடுக்கும், தருமபுரியில் அந்தச் சலுகை கிடையாது.

சுத்தம் செய்யும்போது பஞ்சர் கடை ஏர் வேண்டாம். அந்த டேங்கில் தண்ணீரும் ஆயிலும் சேர்ந்து வரும். சின்ன எலக்ட்ரிக் ப்ளோயரும் பெயிண்ட் ப்ரஷும் போதும். காற்று அடிக்கும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், தாறுமாறாகச் சுற்றவிட்டால் பேரிங் போய்விடும். மலிவான போர்டுகளில் ப்ராசஸருக்குப் பக்கத்தில் இருக்கும் விஆர்எம் என்ற மின்சாரப் பகுதி தகடு இல்லாமல் மொட்டையாக இருக்கும். அது சூடானாலும் ப்ராசஸர் வேகத்தை இறக்கிவிடும், ப்ராசஸர் சூடு மட்டும் 70 என்று சாதுவாகக் காட்டும்.

விண்டோஸ் 11-உம் டிபிஎம்-உம்: பழியில் பாதி உண்மை

டிபிஎம் என்பது சாவி, பாஸ்வேர்டு போன்ற ரகசியங்களைப் பாதுகாக்கும் பகுதி. தனிச் சிப்பாகவும் இருக்கலாம், ப்ராசஸருக்குள் மென்பொருளாகவும் இருக்கலாம். இரண்டாவதை ஏஎம்டி போர்டுகளில் எஃப்டிபிஎம் என்பார்கள். விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 கேட்கிறது, வேலரண்ட் கேம் விண்டோஸ் 11-ல் ஓடவும் அது வேண்டும். அதனால்தான் எல்லோரும் பயாஸில் அதை ஆன் செய்தார்கள்.

2022 மார்ச்சில் ஏஎம்டி ஒரு கோளாறை ஒப்புக்கொண்டது. சில ரைசன் கம்ப்யூட்டர்களில் எஃப்டிபிஎம் அவ்வப்போது மதர்போர்டில் உள்ள ஃப்ளாஷ் சிப்போடு நீண்ட நேரம் பேசிக்கொண்டிருக்கும், அது முடியும்வரை மொத்த கம்ப்யூட்டரும் நிற்கும். கேம், மவுஸ், பாட்டு எல்லாம் சேர்ந்து உறையும். தீர்வு ஏஜிசா (பயாஸுக்குள் இருக்கும் ஏஎம்டியின் அடிப்படை நிரல்) 1.2.0.7 என்ற பதிப்போ அதற்குப் பிந்தையதோ உள்ள பயாஸ். 2022 மே தொடக்கத்திலிருந்து போர்டு நிறுவனங்கள் அதைத் தர ஆரம்பித்தன.

ஆக, பழைய ஏஎம்டி போர்டில் பயாஸை ஒருநாளும் அப்டேட் செய்யாமல், விண்டோஸ் 11-க்காக இப்போதுதான் டிபிஎம்-ஐ ஆன் செய்தவருக்கு "விண்டோஸ் 11 போட்டதிலிருந்து திக்குது" என்பது அப்பட்டமான உண்மையாக இருக்கலாம். ஆனால் குற்றவாளி விண்டோஸ் இல்லை, பழைய பயாஸ். இன்டெல் ப்ராசஸர்காரர்களுக்கு இந்தக் கோளாறு கிடையாது, அவர்கள் வேறு இடத்தில் தேட வேண்டும்.

பயாஸ் அப்டேட் செய்யும் முன் இரண்டு எச்சரிக்கை.

1. விண்டோஸில் டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் ஆன் ஆகியிருந்தால் முதலில் அதை நிறுத்தி வையுங்கள், ரெகவரி கீயையும் எழுதி வையுங்கள். இல்லையென்றால் அப்டேட்டுக்குப் பிறகு கீ கேட்டுக்கொண்டு நிற்கும்.
2. யுபிஎஸ் இல்லாமல், இடி மழை வரும் சாயங்காலத்தில் தொடவே தொடாதீர்கள். நடுவில் கரண்ட் போனால் போர்டே எழுந்திருக்காமல் போகலாம்.

விண்டோஸ் மேல் முழுப் பழியும் விழுந்த சம்பவமும் உண்டு. 2022-ல் வந்த 22எச்2 பதிப்பில், கேம் செய்கிறவர்களுக்கான ஒரு சோதனை வசதி சில கேம்களில் தவறுதலாக ஆன் ஆகித் திக்க வைத்ததை மைக்ரோசாஃப்ட் ஒப்புக்கொண்டு சரி செய்தது. அது பழைய கதை. இன்றைக்கு அதைச் சொல்லி விண்டோஸ் 10-க்குத் திரும்ப வேண்டியதில்லை.

திக்கும்போது ஸ்பீக்கரில் கரகரவென்று சத்தமும் வந்தால் ஏதோ ஒரு டிரைவர் ப்ராசஸரைப் பிடித்து வைத்திருக்கிறது. லேட்டன்சிமான் என்ற மென்பொருள் எந்த டிரைவர் என்று பெயரோடு சொல்லும். யுஎஸ்பி வைஃபை டாங்கிள் வைத்திருப்பவர்கள் அதைக் கழற்றிவிட்டு ஒரு தடவை ஆடிப் பார்க்கலாம்.

மீதி சில, வேகமாக

ஹார்ட்டிஸ்க்: அதன் முள் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் போகவே பத்து மில்லிசெகண்ட் சுமார் ஆகும், 60 எஃப்பிஎஸ்ஸில் ஒரு ப்ரேமின் பாதிக்கு மேற்பட்ட நேரம் அதிலேயே போச்சு. பெரிய திறந்த உலக கேமை எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள். பாட்டு, படம் மட்டும் வைத்திருக்கும் ஹார்ட்டிஸ்க் உள்ளே இருந்தால், விண்டோஸ் இருபது நிமிஷத்தில் அதைத் தூங்க வைத்துவிடும். யாராவது அதைத் தொட்டால் அது எழுந்து சுற்றும் வரை சில செகண்ட் எல்லாம் நிற்கும். பவர் ஆப்ஷனில் அந்த இருபதை பூஜ்ஜியம் ஆக்கினால் முடிந்தது.

மானிட்டர்: 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில், ப்ரேமை மானிட்டர் தாளத்தோடு கட்டிவைக்கும் வி-சிங்க் ஆன் செய்திருந்தால், ப்ரேம் ஒரே ஒரு மில்லிசெகண்ட் தாமதமானாலும் அடுத்த வண்டிக்குத்தான் ஏற முடியும், 16.7 என்பது 33.3 ஆகிவிடும். எஃப்பிஎஸ்ஸைக் கேம் நிதானமாகத் தாங்கும் ஒரு எண்ணில் ரிவாட்யூனரில் கட்டிப் போடுங்கள். 70-க்கும் 110-க்கும் நடுவில் ஊஞ்சலாடுவதை விட 60-ல் நிற்பது கண்ணுக்கு மேல். ஃப்ரீசிங்க், ஜி-சிங்க் உள்ள மானிட்டர் என்றால் ப்ரேம் வரும்வரை மானிட்டரே காத்திருக்கும், சின்னத் தாமதங்கள் மறைந்துவிடும். 154 மில்லிசெகண்ட் ஊசியை மட்டும் எந்த மானிட்டராலும் மறைக்க முடியாது.

மவுஸ்: 8000 ஹெர்ட்ஸ் போலிங் (செகண்டுக்கு எத்தனை தடவை கம்ப்யூட்டரோடு பேசும் என்ற கணக்கு) என்று விளம்பரம் செய்து விற்கும் மவுஸ் வைத்திருந்தால் 1000-க்கு இறக்குங்கள். செகண்டுக்கு எட்டாயிரம் தடவை பேச்சுக் கொடுத்தால் நடுத்தர ப்ராசஸர் எப்படி வேலை பார்க்கும்?

லோ வோல்டேஜ்: தோட்டத்து மோட்டார் ஓடும்போது பல்ப் மங்குகிற ஊர்களில் இந்தச் சந்தேகம் வருவது இயல்பு. ஆனால் வோல்டேஜ் விழுந்தால் எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குள் மின்சாரம் கொடுக்கும் பெட்டி) தாங்கும், தாங்க முடியாவிட்டால் கம்ப்யூட்டர் அணையும் அல்லது ரீஸ்டார்ட் ஆகும். 150 மில்லிசெகண்ட் மட்டும் திக்கிவிட்டு ஒன்றும் நடக்காதது போலத் தொடராது. நல்ல எஸ்எம்பிஎஸ் அவசியம், ஸ்டெபிலைசரும் போடலாம், வேறு காரணத்துக்காக.

கேம் பூஸ்டர், ராம் க்ளீனர், "விண்டோஸ் டீப்ளோட்" வகையறா: ஒன்றும் வேண்டாம். ராமைக் க்ளீன் செய்கிறேன் என்று அது தூக்கி எறிவதைக் கேம் மறுபடி டிஸ்கிலிருந்து எடுக்க வேண்டியிருக்கும், அந்த எடுப்பே ஒரு திக்கல்.

எந்த வரிசையில் போவது

காசு இல்லாத வேலைகளிலிருந்து காசு உள்ள வேலைகளுக்கு.

1. ப்ரேம் டைம் கோட்டைப் பதிவு செய்து எந்த வகை என்று பாருங்கள். ஒரே நேரத்தில் ஐந்து விஷயத்தை மாற்றாதீர்கள், எது பலித்தது என்று தெரியாமல் போகும்.
2. டெக்ஸ்சர் இறக்கம், எஃப்பிஎஸ் கட்டுப்பாடு, பின்னால் ஓடுவதை மூடுதல்.
3. எக்ஸ்எம்பி, ராம் ஸ்லாட்.
4. தூசி, பேஸ்ட்.
5. ஏஎம்டி என்றால் பயாஸ்.
6. இரண்டாவது ராம் குச்சி, எஸ்எஸ்டி.
7. இத்தனைக்கும் பிறகு, கார்டு எந்நேரமும் 99-ல் நின்று எஃப்பிஎஸ்ஸே குறைவாக இருந்தால், கார்டு.

இதெல்லாம் செய்தும் சில கேம்கள் திக்கும். திறந்த உலக கேமில் ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்கு எல்லை தாண்டும்போது எஞ்சின் புதுப் பகுதியை ஏற்றும் முறையே மோசமாக இருந்தால், லட்ச ரூபாய் கார்டு வைத்திருப்பவருக்கும் அதே இடத்தில் அதே ஊசி குத்தும். அப்படிப்பட்ட கேம் என்று தெரிந்தால் பேட்ச் வரும்வரை காத்திருக்கலாம். ஸ்டீமில் வாங்கியிருந்தால், வாங்கி 14 நாளுக்குள், ஆடிய நேரம் இரண்டு மணிக்குள் இருக்கும்வரை பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஷேடர் கம்பைல் கேமுக்குள்ளே ஓடினால் அந்த நேரமும் இரண்டு மணிக் கணக்கில் சேரும், அதனால் முதல் நாளே முடிவெடுத்துவிடுங்கள்.